மக்காச்சோளக் கதிரில் மணி பிடிக்கவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கதிரின் உறையை உரித்தால் ஒரு பக்கம் மணிகள் கொழுகொழுவென்று இருக்கும், மறுபக்கம் பொக்கை வாய் மாதிரி வெறும் தக்கை. உடனே விதை சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் விதைமேல் தப்பே இருக்காது, மகரந்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

மக்காச்சோளம் தேனீக்காகக் காத்திருப்பதில்லை, காற்றைத்தான் நம்புகிறது. அதற்கு அது செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அசந்துபோவீர்கள். இலை மறைக்காத உச்சியில் ஆண் பூங்கொத்து, லேசாகத் தட்டினாலே மஞ்சள் தூள் பறக்கும், ஒரு செடியே லட்சக்கணக்கில் உதிர்க்கும். கீழே கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரே ஒரு மணிக்குரியது. நூல் நெடுகப் பொடி ரோமமும் பிசுபிசுப்பும் இருப்பதால் தூள் எங்கே பட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

இதை நாம் கெடுப்பது முதலில் நடவில். வேலியோரமாக ஒற்றை வரிசையில் நடாதீர்கள். இந்த மகரந்தம் கனமானது, பெரும்பகுதி சில மீட்டருக்குள் விழுந்துவிடும், காற்று குறுக்கே அடித்தால் மொத்தமும் வெறும் மண்ணுக்குத்தான். அதே 20 செடிகளை வரிசைக்கு 5 வீதம் 4 வரிசையாக, வரிசைக்கிடையே 60 செ.மீ., செடிக்கிடையே 25 செ.மீ. விட்டு நட்டால் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அங்கே ஒரு கதிர் இருக்கும்.

அப்புறம் தண்ணீர். பூக்கும் வாரத்தில் காயப்போட்டால் பட்டு நூல் தாமதமாக வெளிவரும், அதற்குள் மேலே மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும். பனி காய்ந்த காலை வேளைதான் தூள் உதிரும் நேரம், அப்போது தலைக்கு மேல் தண்ணீரோ மருந்தோ தெளிக்காதீர்கள், வேருக்குப் பாய்ச்சுங்கள். உச்சிப் பூ எதற்கு என்று ஒடித்துப் போடவும் வேண்டாம்.

இனிப்புச் சோளம் போடுகிறவர்கள் பக்கத்திலேயே சாதாரண மக்காச்சோளத்தை ஒரே நேரத்தில் விதைக்காதீர்கள். அந்த மகரந்தம் பட்டால் இந்தப் பருவத்து மணியிலேயே இனிப்பு போய் மாவுத்தன்மை வந்துவிடும். இரண்டு மூன்று வாரம் தள்ளி விதைத்தால் போதும்.

சரி, மகரந்தம் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? பட்டு நூல் வந்து நாலைந்து நாளில் ஒரு கதிரை ஒடித்து, உறையை நீளவாக்கில் கீறிப் பிரித்து மெல்லக் குலுக்குங்கள். கரு பிடித்த மணியின் நூல் தானாக உதிரும். நிறைய நூல்கள் உதிராமல் தொங்கினால் மறுநாள் காலையே ஒரு ஆண் பூங்கொத்தை ஒடித்து மற்ற கதிர்களின் நூல்மேல் தட்டிவிடுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது.