பூச்சியத்தில் இல்லாத பிழை

பினாங்கின் பிறை வட்டாரத்தில், ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கருவிப் பராமரிப்பாளராகப் பணியாற்றியபோது, அழுத்தத்தில் இயங்கிய கலன் ஒன்றின் மட்டமானி, பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் தெரிந்ததைவிட 15 விழுக்காடு கூடுதலாகக் காட்டியது. முதல் நாள் கருவியின் பூச்சியத்தை, அதாவது அளவீட்டின் தொடக்கப் புள்ளியை, நகர்த்திச் சரிக்கட்டினேன். அது என் அவசரம். ஒரே வாரத்தில் அளவு மீண்டும் ஏறியது.

அந்த மட்டமானி, தன் இரு பக்கங்களுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டை அளந்து மட்டத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டர். அதன் தாழ்பக்கத்தைக் கலனின் உச்சியோடு இணைக்கும் குழாயில் 2 மீட்டர் உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது குறைந்தால் எதிரழுத்தம் குறைந்து, கலனில் மட்டம் உயர்ந்துவிட்டதாகக் கருவி காட்டும். எண்ணெயின் ஒப்படர்த்தி 0.9 என்று கொண்டால், 270 மில்லிமீட்டர் தண்ணீர் இழப்பு 300 மில்லிமீட்டர் எண்ணெயாகத் தெரியும். 2 மீட்டர் அளவெல்லையில் அதுவே அந்த 15 விழுக்காடு.

கசிவு வடிகால் திருகில் இருந்தது. சொட்டு வெயிலில் உடனுக்குடன் காய்ந்துவிட்டதால், மெல்லிய தாளைச் சுற்றி வைத்த பிறகே ஈரம் பிடிபட்டது. பணி அனுமதி பெற்று, கட்டுப்பாட்டைக் கைமுறைக்கு மாற்றி, இரு அடைப்பு வால்வுகளையும் மூடி, அழுத்தத்தை வெளியேற்றித் திருகை மாற்றினேன். பின்னர் மேல்முனையிலிருந்து காற்றுக்குமிழி நிற்காதவாறு மெதுவாகத் தண்ணீர் நிரப்பினேன்.

பூச்சியத்தைச் சோதிக்கும்போது, அடைப்பு வால்வுகள் திறந்திருக்கையில் கருவியின் இரு பக்கங்களையும் இணைக்கும் சமன்வால்வைத் திறந்தால் நிரப்பிய தண்ணீர் கலனுக்குள் இறங்கிவிடும். ஆகவே அவற்றை மூடிய பிறகே அதைத் திறந்து, நான் நகர்த்திய பூச்சியத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன்.