ருசி பார்க்காமல் வெண்பொங்கல்: பெங்களூர் அடுப்பில் மார்கழித் தளிகை

தளிகையை, அதாவது சாமிக்கென்று சமைக்கும் நைவேத்தியத்தை, ருசி பார்க்கக் கூடாது என்றால் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேலைக்காக பெங்களூர் வந்து தனியாக வீடு எடுத்திருக்கும் பிள்ளைகள் மார்கழி வந்தால் இதைத்தான் கேட்கிறார்கள். ஊரில் அம்மா கைப்பதத்தில் அள்ளிப் போட்டதைப் பார்த்திருப்பார்கள், அளவு தெரியாது. என்னைக் கேட்டால் இந்த ஒரு விதிதான் சமையலை வழிபாடாக்குகிறது. நாக்கைக் கேட்க முடியாது என்றானபின் அளவு, தண்ணீர், தீ என்று ஒவ்வொன்றின் மேலும் முழு மனதையும் வைத்தே ஆகவேண்டும்.

அதனால் முதல் வேலை ஒத்திகை. ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, சாமிக்கு என்று இல்லாமல் வீட்டுக்காக, இதே பொங்கலை இதே பாத்திரத்தில் செய்து தாராளமாக ருசி பாருங்கள். என் அளவு இது: 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பயத்தம்பருப்பு, தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு, கால் டம்ளர் நெய். இரண்டு மூன்று பேருக்குக் காணும். கல் உப்பு போடுகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம், கல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு ஸ்பூனில் குறைவாகத்தான் நிற்கும். உங்கள் வீட்டு உப்புக்கு எத்தனை ஸ்பூன் சரி என்று கண்டுபிடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள், அப்புறம் அந்த உப்பையும் ஸ்பூனையும் மாற்றாதீர்கள். அறையில் நாலு பேர் சேர்ந்து சமைக்கிறீர்கள் என்றால் ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு உப்பு டப்பா மட்டுமாவது தனியாக இருக்கட்டும். நேற்று பூண்டு ரசம் கிண்டிய கரண்டி இதற்கு வேண்டாம்.

அடுத்தது தண்ணீர், இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். முக்கால் மணி நேரம் கொதித்தும் பருப்பு முழுசு முழுசாக நின்றது, அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. பருப்பின் மேல் தப்பில்லை, தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் பருப்பு இறுகிப்போய்க் குழைய மறுக்கும். இன்னொன்று, பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது, சென்னையில் அரை மணியில் வேகும் பொங்கல் திறந்த பாத்திரத்தில் இங்கே இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கும். ஆகவே காவிரித் தண்ணீர் வரும் வீடு என்றால் அதையே பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் சமையலுக்கு மட்டும் கேன் தண்ணீர். இந்த ஊருக்குக் காவிரி வருவது சிவனசமுத்திரத்துப் பக்கமிருந்து, சுமார் 100 கிலோமீட்டர், வழியில் மூன்று இடங்களில் பம்ப் வைத்து மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். காவிரியில் ரங்கநாதர் பள்ளிகொண்ட மூன்று தலங்களில் நடுவிலுள்ள மத்தியரங்கம் அந்த சிவனசமுத்திரம்தான். ஆதிரங்கம் ஸ்ரீரங்கப்பட்டணம், கடைசியில் நம் ஸ்ரீரங்கம். ஒரே ஆறு. குழாயைத் திறக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராத நாளே இல்லை.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டிவிடும், அதனால் ஐந்தேகாலுக்கு அடுப்பைப் பற்றவைத்தால் போதும். குளித்துவிட்டு, பேசாமல் அல்லது திருப்பாவையில் அன்றைய பாசுரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஆரம்பியுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

பயத்தம்பருப்பை வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூடு வரை, நிறம் மாறாமல் வறுத்து, அரிசியோடு சேர்த்துக் களைந்துகொள்ளுங்கள். கடையில் சோனா மசூரிப் பச்சரிசி கேட்டால் பழையதா புதியதா என்றும் கேளுங்கள். புது அரிசி சீக்கிரம் குழையும், தண்ணீர் அரை டம்ளர் குறைக்கலாம். திறந்த பாத்திரத்தில் என்றால் ஆறு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் போட்டு, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம், நடுநடுவே அடியோடு கிளறவேண்டும். குக்கரில் என்றால் ஐந்து டம்ளர், மிதமான தீயில் ஐந்து விசில், அப்புறம் பிரஷர் தானாக அடங்கும் வரை தொடாதீர்கள். குக்கரில் செய்தால் சாமி ஏற்காதா என்று கேட்கிறார்கள். ஒன்பது மணி ஷிப்டுக்கு ஓடுகிறவர் விடியலில் எழுந்து தளிகை பண்ணுவதே பெரிது, ஏற்பார்.

வெந்ததா என்று பார்க்க வாயில் போட வேண்டாம். கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் பக்கத்தில் அழுத்தினால் அரிசி மசிந்து பூசிக்கொள்ள வேண்டும், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. அளந்து வைத்த உப்பை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். ருசி பார்த்துத் திருத்த முடியாது என்பதால் ஓர் இடத்தில் கரிப்பும் ஓர் இடத்தில் சப்பையுமாக நிற்காமலிருக்க இதுதான் வழி.

நெய்யைக் காயவைத்து ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பொடியாக நறுக்கிய இஞ்சி, முந்திரி, கறிவேப்பிலை எல்லாம் தாளித்துப் பொங்கலில் கொட்டிக் கிளறுங்கள். முழு மிளகு வெடித்து மேலே தெறிக்கும், அதனால்தான் தட்டுவது. மிளகாய் வேண்டவே வேண்டாம். அது இந்த நாட்டுக்குப் பிற்பாடு வந்தது, மடப்பள்ளிக் காரம் மிளகுதான்.

சூடு கொஞ்சம் தணிந்ததும் தனிப் பாத்திரத்தில் எடுத்து, மேலே ஒரு துளசி இலை. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலோ காந்தி பஜாரிலோ துளசியும் வாழை இலையும் கிடைக்கும். விளக்கேற்றி, தண்ணீரால் சுற்றி, மணி அடித்துக் கண்டருளப் பண்ணுங்கள், அதாவது சாமிக்குப் படையுங்கள். உடனே எடுத்துவிடாதீர்கள், ஐந்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். அம்பாளுக்குச் செய்கிறவர்களுக்கும் இதே பொங்கல்தான், லலிதா சஹஸ்ரநாமத்தில் 'முத்கௌதனாஸக்த சித்தா' என்றே அவளுக்கு ஒரு பெயர் உண்டு, பயத்தம்பருப்புச் சோற்றில் மனம் வைத்தவள். துளசிக்குப் பதில் ஒரு பூ வையுங்கள்.

எங்கள் கீழ்வீட்டுக் கன்னட மாமி தனுர்மாசத்தில் (நம் மார்கழிதான்) இதையே ஹுக்கி என்று செய்கிறார், அவரைக்காய் பருவம் என்பதால் சில நாள் பச்சை அவரைப் பயறும் போடுவார். ஏழு மணிக்குக் கிண்ணங்கள் மாறும். இந்தக் குளிரில் பொங்கல் சீக்கிரம் இறுகிவிடும், பரிமாறும் முன் அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கிளறிக்கொள்ளுங்கள். பிரசாதம் வாய்க்கு வந்தபிறகுதான் உப்பு தெரியும். குறைந்திருந்தால் அப்படியே சாப்பிட்டுவிட்டு, அலமாரிக் கதவில் கால் ஸ்பூன் கூட்டி எழுதிவிடுங்கள், நாளைக்கு ஆகும்.