கம்பைலரை ஏற்றுங்கள், மெஷினை அதே நாளில் தொடாதீர்கள்

சிஐ-யில் (கோட் மாறும்போதெல்லாம் தானாகப் பில்டும் டெஸ்டும் ஓட்டும் அமைப்பு) கம்பைலர் வெர்ஷன் ஏற்றும் வேலை எங்கள் தரமணி ஆபீஸில் என் பொறுப்பு. டீமில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லி வந்ததை எழுதி வைக்கிறேன். எங்களுடையது சி, சி++ இரண்டும் கலந்த கோட். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சென்சார் தரவு சேகரிக்கிறது; அதில் ஒரு பகுதி ரிஸ்க்-ஃபைவ் (திறந்த புராசசர் வடிவமைப்பு) போர்டுகளிலும் ஓடுகிறது. கீழே சொல்வதெல்லாம் கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸை வைத்துத்தான்.

வொர்க்ஃப்ளோ ஃபைலைத் திறந்ததும், எந்த மெஷினில் ஓடும் என்று சொல்லும் 'ரன்ஸ்-ஆன்' வரியைப் பாருங்கள். 'உபுண்டு-லேட்டஸ்ட்' என்று இருந்தால் உங்கள் கம்பைலர் வெர்ஷனை முடிவு செய்வது நீங்கள் இல்லை. 2024 டிசம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் அந்தப் பெயர் 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியது. ஜிசிசி-யின் சி++ கம்பைலரை வெறும் 'ஜி++' என்று கூப்பிட்டவர்களுக்கு, ஒரு கமிட்கூடப் போடாமல், ஜிசிசி 11 போய் 13 வந்துவிட்டது. அதனால் உபுண்டுவையும் எண்ணோடு எழுதுங்கள், கம்பைலரையும் 'ஜி++-13' என்று எண்ணோடு எழுதுங்கள். சி கம்பைலரைச் சொல்லும் 'சிசி', சி++ கம்பைலரைச் சொல்லும் 'சிஎக்ஸ்எக்ஸ்' என்ற இரண்டு என்விரான்மென்ட் வேரியபிளையும் சேர்த்தே வையுங்கள். இரண்டாவதை மட்டும் வைத்தால் சி ஃபைல்கள் பழைய கம்பைலரிலேயே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பில்டுக்கு முன்னால் வெர்ஷனை லாகில் அச்சிடும் ஒரு ஸ்டெப்பும் வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். கம்பைலர் மாற்றமும் உபுண்டு மாற்றமும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) வரக்கூடாது. காரணம் ஜிலிப்சி, அதாவது லினக்ஸ் புரோகிராம்கள் ஓடும்போது நம்பியிருக்கும் சி லைப்ரரி. உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 24.04-இல் 2.39. ஜிலிப்சி 2.38-இல் 'எஸ்டிஆர்டோல்' போன்ற சாதாரண ஃபங்ஷன்களுக்கே சி மொழியின் புதிய ஸ்டாண்டர்டான சி23-க்காகப் புதிய சிம்பல்கள் (லைப்ரரியில் பைனரி தேடும் பெயர்கள்) வந்தன. எனவே 24.04-இல் கட்டிய பைனரி, எழுத்தை எண்ணாக மாற்றும் ஒரே ஒரு வரி இருந்தாலும், 22.04 மெஷினில் 'ஜிலிப்சி 2.38 இல்லை' என்று நின்றுவிடலாம். டெஸ்ட்கள் சிஐ-யில் எல்லாம் பச்சையாக இருக்கும். தொழிற்சாலையில் மட்டும் எழும்பாது. இன்டர்நெட் இல்லாத அந்த மெஷின்களில் உடனே உபுண்டுவை மாற்றவும் முடியாது. ஆகவே ரிலீஸ் பில்டை நாங்கள் 22.04 கன்டெய்னருக்குள் வைத்திருக்கிறோம். அங்கேயே புதிய ஜிசிசி வேண்டுமென்றால் 'டூல்செயின் பிபிஏ' என்ற கூடுதல் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து 13-ஐ நிறுவலாம். ஆனால் 22.04-இன் லிப்எஸ்டிடிசி++ (சி++ லைப்ரரி) ஜிசிசி 12 காலத்தது, அதனால் லிப்எஸ்டிடிசி++, லிப்ஜிசிசி இரண்டையும் ஸ்டாட்டிக்காக, அதாவது பைனரிக்குள்ளேயே, இணைத்துவிடுங்கள்.

புதிய வெர்ஷனை மேட்ரிக்ஸில் (ஒரே ஜாப்பைப் பல வெர்ஷன்களில் ஓட்டும் பட்டியல்) கூடுதல் வரியாகச் சேருங்கள், பழையதை எடுக்க வேண்டாம். 'ஃபெயில்-ஃபாஸ்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்; இல்லாவிட்டால் 14 உடைந்த மறுகணம், ஓடிக்கொண்டிருந்த 13-உம் ரத்தாகிவிடும், எது எதில் உடைகிறது என்றே தெரியாது.

என்ன உடையும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். ஒவ்வொரு பெரிய ஜிசிசி வெளியீட்டோடும் போர்ட்டிங் கைடு வருகிறது. அதைப் படிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும், தயவுசெய்து படியுங்கள். ஜிசிசி 13-இல் 'சிஎஸ்டிடிஇன்ட்' ஹெடரை நீங்களே சேர்க்காவிட்டால் 'யுஇன்ட்32_டி' தெரியாது என்று சொல்லக்கூடும். 14-இல் 'அல்காரிதம்' ஹெடருக்கு அதே கதை. சி கோடில் 14 இன்னும் கறார்: அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது, பொருந்தாத பாயின்டர்களைக் கலப்பது, இவை வார்னிங்காக இருந்தது போய் எரர் ஆகிவிட்டன. 15-இல் சி-யின் இயல்பு ஸ்டாண்டர்டே சி23 ஆனதால், 'பூல்' என்று சொந்தமாக டைப்டெஃப் வைத்திருக்கும் பழைய ஹெடர்கள் உடையும்.

இந்தத் திருத்தங்கள் எல்லாம் பழைய கம்பைலரிலும் ஓடக்கூடியவை. ஆகவே அவற்றை முதலில் தனியாக மெர்ஜ் செய்யுங்கள். அதன்பின் வெர்ஷன் மாற்றும் புல் ரிக்வெஸ்டில் வொர்க்ஃப்ளோ ஃபைல் மட்டுமே இருக்கும். ரிவ்யூ செய்பவருக்கும் அது நிம்மதி. வார்னிங்கை எரராக்கும் 'டபிள்யூ-எரர்' ஃபிளாக்கை மேட்ரிக்ஸில் ஒரே ஒரு வெர்ஷனுக்கு மட்டும் வையுங்கள். புதிய கம்பைலரின் ஒவ்வொரு புது வார்னிங்கும் மெர்ஜைத் தடுக்க வேண்டியதில்லை.

ரிஸ்க்-ஃபைவ் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' புராசசர் பிறந்த ஊர் இது என்பதால் சொல்லாமல் விட மனமில்லை. ஜிசிசி 12, அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யுடில்ஸ் 2.38 முதல் ஐஎஸ்ஏ (புராசசர் கட்டளைத் தொகுப்பு) ஸ்பெக்கின் இயல்பு 20191213 ஆனது. அதில் 'ஜிக்ஸிஎஸ்ஆர்', 'ஜிஃபென்ஸ்ஐ' இரண்டும் அடிப்படையான 'ஐ' தொகுதியிலிருந்து பிரிக்கப்பட்டன. வெறும் 'ஆர்வி64ஐமேக்' என்று ஆர்க்கிடெக்சர் கொடுத்தால், சிஎஸ்ஆர் (கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்) படிக்கும் அசெம்ப்ளி வரியில் அசெம்ப்ளர் மறுக்கும். கோடில் பிழையைத் தேடி அலைய வேண்டாம். அந்த இரண்டு பெயரையும், ஒவ்வொன்றின் முன்னாலும் அண்டர்ஸ்கோர் (_) போட்டு, ஃபிளாக்கின் வாலில் சேர்த்தால் போதும்.

கேஷ் வைத்திருந்தால் அதன் கீயில் கம்பைலர் வெர்ஷன் இருக்கட்டும். பில்ட் ஃபோல்டரையே கேஷ் செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: முதல் கான்ஃபிகரில் பார்த்த கம்பைலரை பில்ட் கருவியான சிமேக் தன் கேஷ் ஃபைலில் எழுதிக்கொள்ளும், பிறகு 'சிஎக்ஸ்எக்ஸ்' மாறினாலும் கண்டுகொள்ளாது.

கடைசியாக, அட்மின் உரிமை உள்ளவரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று. பிராஞ்ச் புரொடெக்‌ஷன் மெர்ஜுக்கு முன் பாஸாக வேண்டிய கட்டாயச் செக்குகளைப் பெயரால்தான் அடையாளம் காண்கிறது. 'பில்ட், ஜிசிசி-12' என்ற ஜாப்பை நீக்கினால் அந்தப் பெயரில் இனி முடிவே வராது. திறந்திருக்கும் எல்லாப் புல் ரிக்வெஸ்டும் காத்துக்கொண்டே நிற்கும். மேட்ரிக்ஸ் முழுவதையும் 'நீட்ஸ்'-இல் (எந்த ஜாப்கள் முடியக் காத்திருக்க வேண்டும் என்ற பட்டியல்) வைத்து, நிலையான பெயரில் ஒரு ஜாப் எழுதி, அதை மட்டும் கட்டாயமாக்குங்கள். அதில் 'ஆல்வேஸ்' நிபந்தனையும், முந்தைய ஜாப்களின் முடிவு 'சக்சஸ்'தானா என்ற சோதனையும் இருக்க வேண்டும். 'ஆல்வேஸ்' இல்லாவிட்டால், மேட்ரிக்ஸ் உடையும்போது இந்த ஜாப் ஸ்கிப் ஆகும். ஸ்கிப் ஆன கட்டாயச் செக்கைக் கிட்ஹப் பாஸ் என்றே எடுத்துக்கொள்ளும். இது இருந்தால் பழைய வெர்ஷனை எடுக்கும் நாளில் அட்மினைத் தேட வேண்டிய அவசியமே வராது. அன்று ரீட்மீயில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஜிசிசி எண்ணையும் அதே கமிட்டில் மாற்றிவிடுங்கள்.