நாயின் கண்ணில் ரத்தமா, பீளையா? வீட்டிலேயே பார்க்கும் முறை

ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் இரண்டு நாள் ஆட்டம் போட்டுவிட்டு சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்குத் திரும்பிய எங்கள் நாய் கருப்பன், இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தான். செடி கீறியிருக்கும் என்று நானே முடிவுகட்டி மூன்று நாள் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

கழுவுவது சரிதான். மெடிக்கலில் 100 மில்லி நார்மல் சலைன் கேளுங்கள். பஞ்சின் நார் கண்ணில் ஒட்டும், காஸ் துணிதான் என் கட்சி. ஒரு கண்ணுக்கு ஒரு துண்டு. டீ டிகாக்‌ஷன் வைத்தியம் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

துடைத்த துணியைப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் தூசி, ஒவ்வாமை, இல்லை இமை உள்ளே மடிந்து முடி உரசுவது. மஞ்சளோ பச்சையோ என்றால் கிருமி. பிசின் போல இழுபட்டு, கண்ணும் மினுமினுப்பு இழந்திருந்தால் கண்ணீர் சுரப்பு குறைந்திருக்கலாம். இரண்டு கண்ணிலும் சீழ், கூடவே சளி, காய்ச்சல், அதுவும் தடுப்பூசி போடாத குட்டி என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அன்றே கிளம்புங்கள்.

அப்புறம் ரத்தம். நான் சறுக்கியது இங்கேதான். ரத்தம் இமையிலா, வெள்ளைவிழியிலா, கண்ணுக்கு உள்ளேயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். போன் வெளிச்சம் பட்டால் நாய் கண்ணை இறுக்கிக்கொள்ளும். சின்ன பேனா டார்ச் போதும், பக்கவாட்டில் அடியுங்கள். நான்காம் நாள் அப்படி அடித்தபோதுதான் தெரிந்தது: கருவிழியை மூடிய கண்ணாடி போன்ற படலத்துக்குப் பின்னால், கீழ்ப்பாதியில், டம்ளர் அடியில் காப்பி மண்டி தங்கியது போலச் சிவப்பு. எத்தனை கழுவினாலும் போகாத ரத்தம்.

உதட்டைத் தூக்கினால் ஈறில் சிவப்புப் புள்ளிகள். வயிற்றிலும். விரலிடுக்கில் உண்ணி. பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) 38,000, இருக்க வேண்டியதோ 2 லட்சத்துக்கு மேல். எர்லிக்கியா என்கிற உண்ணிக் காய்ச்சல். தட்டணு குறைந்தால் மூக்கிலும் கண்ணுக்குள்ளும் ரத்தம் கசியும். அடிபட்டாலும், எலி மருந்தைத் தின்றாலும் இப்படிக் கசியலாம் என்பதால் டாக்டர் அதையும் கேட்டார். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 28 நாளுக்கு எழுதினார். பத்தாம் நாளே வாலாட்டினான், ஆனாலும் நிறுத்தவில்லை.

மாமா தோட்டத்தைத் திட்டித் தீர்த்திருந்தேன். உண்ணி கடித்து 8 முதல் 20 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தலைகாட்டுமாம். ஆக, குற்றவாளி எங்கள் வீட்டுச் சுவர் விரிசலில்தான் குடியிருந்திருக்கிறது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, சுவருக்கும் அடிக்க வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் விழியே ஓட்டையாகிவிடலாம். டாக்டர் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார், புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும்.

பின்சேர்க்கை: வெள்ளைப் பொமரேனியன் கண்ணுக்குக் கீழே செம்பழுப்புக் கோடு விழுகிறது, ரத்தமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கண்ணீரில் உள்ள போர்ஃபைரின் என்ற நிறமி அது, முடியில் காய்ந்து கறையாகிறது. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, வெகு நாளாக, வலியில்லாமல் இருந்தால் பதற வேண்டாம். திடீரென்று ஒரே கண்ணில் வந்தால் டார்ச்சை எடுங்கள்.