5ஜி வலையமைப்பின் செய்திப் பதிவில் (லாக்) மல்டிகாஸ்ட், பிராட்காஸ்ட் அமர்வுகளைப் பிரித்தறியும் முறை

ஒரே தரவைக் குழுவில் சேர்ந்த கைபேசிகளுக்கு மட்டும் அனுப்புவது மல்டிகாஸ்ட்; பகுதியிலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் அனுப்புவது பிராட்காஸ்ட். இரண்டையும் பிரித்தறிய, முதலில் அமர்வை அடையாளம் காட்டும் டிஎம்ஜிஐ எண்ணைத் தேடுங்கள். ஆறு பைட்டுகள் கொண்ட இவ்வெண்ணில் முதல் மூன்று பைட்டுகள் சேவையையும், அடுத்த மூன்று நாட்டுக் குறியீட்டையும் வலையமைப்புக் குறியீட்டையும் குறிக்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: இலக்கங்கள் இடம் மாற்றி அடுக்கப்படுவதால், 262 என்ற நாட்டுக் குறியீடும் 01 என்ற வலையமைப்புக் குறியீடும் பதிவில் பதினாறடிமான எண்களாக 62, எஃப்2, 10 என்றே தெரியும் (எஃப் வெற்றிடத்தை நிரப்பும் குறி), அவசரப்படாமல் ஒவ்வோர் அரைபைட்டாகப் படியுங்கள்.

அமர்வின் அடையாளமாக, மூல முகவரியோடு கூடிய ஐபி மல்டிகாஸ்ட் முகவரி இருந்தால் அது மல்டிகாஸ்ட்தான். பிராட்காஸ்டுக்கு டிஎம்ஜிஐ மட்டுமே அடையாளம். டிஎம்ஜிஐ மட்டும் இருந்தால், கைபேசி பிடியு அமர்வை (வலையமைப்புடனான அதன் தரவு இணைப்பை) நிறுவும் அல்லது மாற்றும் கோரிக்கை வழியாகச் சேர விண்ணப்பித்ததா என்று பாருங்கள். மல்டிகாஸ்டுக்கு அது கட்டாயம். பிராட்காஸ்டில் அந்தக் கோரிக்கை தேவையில்லை. பிராட்காஸ்டில், எஸ்ஐபி20 என்ற அமைப்புத் தகவல் தொகுதி காட்டும் எம்சிசிஎச் என்ற கட்டுப்பாட்டுத் தடத்தில், டிஎம்ஜிஐக்கு உரிய ஜி-ஆர்என்டிஐ (குழுவுக்கான வானொலி அடையாள எண்) கிடைக்கும்.