போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

தாத்தாவை நான் எடுத்த முதல் படத்தை வீட்டில் யாரும் ஃப்ரேம் போடவில்லை. காலை நேரம், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டிலிருந்து நல்ல வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸை, மிக அகலமாகக் காட்டும் 18இல் வைத்துக்கொண்டு, முகம் நிறைய வர வேண்டும் என்று அவர் முழங்காலை ஒட்டிப் போய் உட்கார்ந்து எடுத்தேன். பிரிண்டைப் பார்த்த அத்தை, "அப்பா மாதிரியே இல்லையேப்பா" என்றார். உண்மைதான். மூக்கு முன்னால் புடைத்திருந்தது, காதுகள் எங்கோ பின்னால் போயிருந்தன. மறு வாரம் அதே திண்ணை, அதே லென்ஸ். இந்த முறை, காட்சியை நெருக்கிக் காட்டும் 55இல் வைத்து, வாசற்படியைத் தாண்டி ஆறடி தள்ளி நின்று எடுத்தேன். அந்தப் படம்தான் இன்றும் கூடத்தில் தொங்குகிறது.

லென்ஸ் மாறவில்லை, நான் நின்ற இடம்தான் மாறியது. ஆட்களைப் படம் எடுப்பதற்கென்று போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால்தான் வருகின்றன.

"85 மி.மீ. லென்ஸ் போட்டால் முகம் அழகாக வரும்"

இப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் மில்லிமீட்டர் எண் இல்லை, தூரம். கணக்கு எளிது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே முன்பின்னாக 12 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் இருந்தால், காது 52 செ.மீ. தூரத்தில் இருக்கும். அதாவது காதோடு ஒப்பிட மூக்கு 30 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். அதே கேமராவை 2 மீட்டருக்குத் தள்ளுங்கள். இப்போது 200, 212. வித்தியாசம் வெறும் 6 சதவீதம். நாம் ஒருவரோடு பேசும்போது வழக்கமாக நிற்கும் தூரமும் ஏறக்குறைய இதுதான் என்பதால், 'அவர் மாதிரியே' இருப்பதாக மனசு ஏற்றுக்கொள்கிறது.

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று பலர் வருத்தப்படுவதற்கும் இதுதான் காரணம். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணித மாதிரி போட்டுப் பார்த்தார்கள். ஐந்தடி தூரத்தில் எடுப்பதோடு ஒப்பிட்டால், ஓரடி தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று கண்டார்கள்.

அப்படியானால் 85க்கு ஏன் இவ்வளவு பெயர்? அது உங்களைப் பின்னால் தள்ளி நிற்க வைக்கிறது, அதனால்தான். பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, மார்பளவுப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 85 மி.மீ. என்றால் ஐந்தரை அடி தள்ளி நிற்பீர்கள். 50 என்றால் மூன்றடி சொச்சம். 35 என்றால் இரண்டேகால் அடி, எதிரில் இருப்பவர் மேல் உங்கள் மூச்சு படும். இதே 35ஐ மாட்டிக்கொண்டு ஐந்தரை அடியில் நின்று எடுத்து, பிறகு முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள். முக அமைப்பு 85இல் வந்தது போலவே இருக்கும்.

அதனால் 35 போர்ட்ரெய்ட்டுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தறியோடு நெசவாளர், அடுப்படியில் பாட்டி, கடைக்குள் தையல்காரர் என்று ஆளோடு இடமும் சேர்ந்து பேச வேண்டிய படங்களுக்கு 35தான் என் முதல் தேர்வு. முகத்துக்கு நெருங்கிப் போகாமல் இருந்தால் போதும்.

எந்த அறையில் எடுக்கப் போகிறீர்கள்?

கேட்டுப் பார்த்தால் பலரிடம் இருப்பது அதைவிடச் சிறிய சென்சார் உள்ள க்ராப் சென்சார் கேமரா. அது காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிப்பதால், லென்ஸ் எண்ணைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் 1.5 மடங்கு, கேனன் என்றால் 1.6 மடங்கு. 50 மி.மீ. லென்ஸ் இவற்றில் 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். 85 மி.மீ. 128 அல்லது 136 ஆகிவிடும். இணையத்தில் ஃபுல் ஃப்ரேம்காரர் ஒருவர் 85ஐப் புகழ்வதைப் பார்த்துவிட்டு, அதையே க்ராப் கேமராவுக்கு வாங்கும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, 1.5 மடங்கு க்ராப் கேமராவில் 85 மி.மீ. லென்ஸுக்கு 24 அடி தூரம் வேண்டும். 50க்கு 14 அடி. 35க்குப் பத்தடி. நம் கல்யாண மண்டபங்களில் மணப்பெண் அறையை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, அதில் ஒரு கட்டில், ஒரு டிரெஸ்ஸிங் டேபிள், நான்கு சித்திகள், பூக்கூடை. அங்கே 24 அடிக்கு எங்கே போவது? கதவைத் தாண்டி, வராண்டாவைத் தாண்டி, பந்தி நடக்கும் இடத்தில் நிற்க வேண்டும். க்ராப் கேமராவும் சிறிய வீடும் உள்ளவர்கள் முதலில் 35 அல்லது 50 வாங்குங்கள். வெளியில், கோயில் பிரகாரத்தில், கடற்கரையில்தான் அதிகம் எடுப்பேன் என்றால் மட்டும் 85 பக்கம் போகலாம்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. க்ராப் கேமராவுக்கென்றே செய்த லென்ஸில் உள்ள எண்ணுக்கு இந்தப் பெருக்கல் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிட் லென்ஸை 50இல் வைத்தாலும், தனி 50 லென்ஸை மாட்டினாலும், அதே கேமராவில் ஃப்ரேம் ஒன்றாகத்தான் இருக்கும்.

எஃப் எண் மோகம்

பின்னணி வெண்ணெய் மாதிரிக் கரைய வேண்டும் என்ற ஆசையில்தான் காசு அதிகம் போகிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும். எஃப் 1.8 லென்ஸை விட எஃப் 1.4க்கும், அதைவிட எஃப் 1.2க்கும் விலை எங்கேயோ போய் நிற்கும். எடையும் அப்படியே. 1.8க்கும் 1.4க்கும் வெளிச்சத்தில் உள்ள வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600 வைக்க வேண்டிய இடத்தில் 1000 வைக்கலாம், அவ்வளவே. இன்றைய கேமராக்களில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே கஷ்டப்பட வேண்டும்.

சரி, அந்த 1.4ஐத் திறந்துவைத்து எடுக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ., ஐந்தடி தூரம். ஃபோகஸில் இருக்கும் ஆழம் மொத்தமே இரண்டரை செ.மீ. எதிரில் இருப்பவர் முகத்தைப் பாதி திருப்பினால், ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் நடுவே முன்பின்னாக 4 செ.மீ. வந்துவிடும். அருகிலுள்ள கண் பளிச்சென்று இருக்கும், அடுத்த கண் கலங்கிப்போகும். மணமக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடுத்தால், ஒருவர் அரை அடி பின்னால் இருந்தாலே போதும், அவர் முகம் கலைந்துவிடும். ஆல்பத்தில் பார்க்கும்போது அது கலையாகத் தெரியாது, கேமராமேன் கோட்டைவிட்டதாகத்தான் தெரியும். எஃப் 2.8 வைத்தால் ஆழம் 5 செ.மீ. ஆகும், எஃப் 5.6இல் 10 செ.மீ. அனுபவமுள்ளவர்கள் பலர் ஒற்றை ஆளுக்கு 2 முதல் 2.8 வரைக்கும், இருவருக்கு 4 பக்கமும், குடும்பப் படத்துக்கு 5.6 அதற்கு மேலும் போவதற்குக் காரணம் இதுதான். 1.2க்குப் பணம் கொடுத்துவிட்டு எப்போதும் 2.8இல் எடுப்பதாக இருந்தால், அந்தப் பணத்தை வெளிச்சத்தைத் திருப்பும் ஒரு ரிஃப்ளெக்டருக்கும், மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸுக்கும் கொடுத்திருக்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

பின்னணி எவ்வளவு கரையும் என்பதை எஃப் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவும் முடியாது. மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். அதுதான் வெளிச்சம் நுழையும் துளையின் அகலம். 85ஐ 1.8ஆல் வகுத்தால் 47 மி.மீ. 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28. கிட் லென்ஸின் கடைசி முனையான 55ஐ 5.6ஆல் வகுத்தால் 10தான். இப்போது ஒரு ஜூம் லென்ஸில் 200ஐ எஃப் 4ஆல் வகுத்துப் பாருங்கள். 50 வருகிறது! முகத்தை ஒரே அளவில் ஃப்ரேம் செய்தால், தூரத்தில் தெரியும் தென்னந்தோப்பு 85 எஃப் 1.8இல் எவ்வளவு கரையுமோ அவ்வளவு இந்த எஃப் 4 ஜூமிலும் கரையும். திறந்த வெளியில் எடுப்பவர்கள் இதைக் கணக்குப் போடாமல், எஃப் 4 என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

இதையெல்லாம் விடச் சுலபமான வழி, ஆளைச் சுவரிலிருந்து நகர்த்துவது. சுவரில் சாய்ந்து நிற்பவருக்குப் பின்னால் எந்த லென்ஸாலும் ஒன்றும் கரைக்க முடியாது. பத்தடி முன்னால் வரச் சொல்லுங்கள், இருக்கும் லென்ஸே வேலை செய்யும்.

கூர்மை மட்டும் போதுமா

சோதனை அட்டையைப் படம் பிடித்து, மூலையில் எத்தனை கோடு தெரிகிறது என்று பார்க்கும் விமர்சனங்கள் நிலக்காட்சி எடுப்பவர்களுக்குப் பயன்படும். முகம் மூலையில் இருப்பதில்லை. 1840இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெப் பெட்ஸ்வால், முகம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸை வடிவமைத்தார். சுமார் எஃப் 3.6, அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய துளை. அதற்கு முன் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது, இதனால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அந்த லென்ஸில் நடுப்பகுதிதான் கூர்மை, ஓரங்கள் குழைந்து போகும். அப்படியிருந்தும் ஸ்டூடியோக்கள் அதைப் பல பத்தாண்டுகள் விடவில்லை.

முகத்துக்கு நான் சோதிப்பது வேறு. ஜிமிக்கி போட்ட ஒருவரை வெயிலில் நிறுத்தி, அப்பெர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்கத்தின் மினுங்கும் விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு ஓடுகிறதா? பட்டுப்புடவை ஜரிகையிலும் வெள்ளை வேட்டியின் ஓரத்திலும் இதே கோடு வரும். நம் ஊர் விசேஷங்களில் இந்த மூன்றும் இல்லாத படமே கிடையாது, ஆகவே இந்தக் குறை உள்ள லென்ஸ் எடிட்டிங்கில் மணிக்கணக்கில் நேரம் தின்னும். அடுத்து, பின்னால் சீரியல் பல்பு போட்டு எடுத்துப் பாருங்கள். ஒளிப்பொட்டுகளுக்குள் வெங்காயம் நறுக்கியது போல் வளையம் வளையமாகத் தெரிந்தால், கரைந்த பின்னணியும் கண்ணை உறுத்தும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். 85 மி.மீ. லென்ஸ்கள் பலவும் 80 செ.மீ.க்குள் வந்தால் ஃபோகஸ் ஆகாது. கைக்குழந்தையின் விரல்களை மட்டும் ஃப்ரேம் நிறைய எடுக்க வேண்டும் என்றால் அவை உதவாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது

பழைய லென்ஸ் வாங்குவது நல்ல யோசனைதான். நானே நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் அதில் மாட்டும், படம் எடுக்கும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். ஓடியாடும் குழந்தையை அப்படி எடுக்க முடியாது. ஏஎஃப்-எஸ் என்று போட்ட 1.8ஜி லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. நிக்கானின் மிரர்லெஸ் இசட் கேமராவில் பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வாங்கினாலும் அந்த 'டி' லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் வராது. கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக அதன் ஆர்எஃப் மிரர்லெஸ் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு நன்றாகவே ஓடுகின்றன.

அப்புறம் பூஞ்சை. கடலோர ஊர்களில் வாங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. ஒருமுறை ஒருவரிடம் 85 வாங்கினேன். வெளியில் ஒரு கீறல் இல்லை, புதுசு போலிருந்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்தபோதுதான், உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் படர்ந்திருந்தது தெரிந்தது. சுத்தம் செய்து தந்தார்கள், ஆனால் கண்ணாடியின் கோட்டிங்கில் தடம் விழுந்துவிட்டது. எதிர் வெளிச்சத்தில் எடுத்தால் இன்றும் படம் வெளிறிப்போகிறது. பணத்தைக் கொடுப்பதற்கு முன் இருட்டான மூலைக்குப் போய், அப்பெர்ச்சரைத் திறந்துவைத்து, இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிரு தூசி பரவாயில்லை. இழை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய பிறகு பீரோவில் துணிகளுக்கு நடுவே சொருகாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தாலே போதும். மலிவான யூவி ஃபில்டரையும் மாட்டாதீர்கள். குத்துவிளக்குச் சுடர் படத்தில் இரண்டாகத் தெரிவதற்குப் பல சமயம் அதுதான் காரணம்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். உங்கள் கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35இல் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் அதிலேயே எடுங்கள். பிறகு டேப்பை 50க்கு மாற்றி மூன்று நாள். பின்னணி கரையாது, அதைப் பார்க்க வேண்டாம். உங்கள் கால் எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். முதுகு அடிக்கடி சுவரில் இடிக்கிறதா, அல்லது இன்னும் தள்ளி நின்றால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறதா? தயங்குகிற ஆட்கள் எந்தத் தூரத்தில் தோளைத் தளர்த்துகிறார்கள், எந்தத் தூரத்தில் விறைக்கிறார்கள்? இவ்வளவும் தெரிந்த பிறகும் சந்தேகம் இருந்தால், விரும்பும் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் படம் எடுக்கச் சங்கடப்படும் ஆளை உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள்.