பாகுக்குப் பதில் பொடியா? வீட்டு பீரில் சறுக்கும் இடங்கள்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். செய்முறை 3 கிலோ மால்ட் பாகு கேட்கும். முளைகட்டிக் காயவைத்த தானியம்தான் மால்ட், பெரும்பாலும் பார்லி. அதன் இனிப்புச் சாறான எக்ஸ்ட்ராக்ட் பாகாகவும் பொடியாகவும் விற்கும். அலமாரியில் இருப்பதோ மால்ட் பொடி. லண்டனில் நான் காய்ச்சத் தொடங்கிய புதிதில், அதே 3 கிலோ பொடியை அள்ளிக் கொட்டினேன். 20 லிட்டரில் 1.045 காட்டியிருக்க வேண்டிய ஹைட்ரோமீட்டர் (கரைசலின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.055 காட்டியது. ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறிவிட்டது. கசப்புக்குப் போடும் பூவான ஹாப்ஸ் மட்டும் பழைய அளவுதான் என்பதால் பீர் திகட்டியது.

பாகில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். பொடியில் அநேகமாக ஈரமே இல்லை. அதனால் 1 கிலோ பாகுக்கு 800 கிராம் பொடி போதும். 1 கிலோ பொடிக்கு 1.25 கிலோ பாகு வேண்டும்.

அப்புறம், பொடியைக் கொதிக்கிற பானைக்கு மேல் நின்று தூவாதீர்கள். ஆவி பட்டதுமே கரண்டியில் கமர்கட்டு மாதிரி இறுகிவிடும். கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றலாம். பாகு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கிளறுங்கள். இல்லையேல் அடிபிடித்துக் கருகும்.

பெரிய சறுக்கல் டின்னில் இருக்கிறது. பீர் கிட் என்று விற்கும் 1.7 கிலோ டின்களில் பெரும்பாலும் ஹாப்ஸ் கசப்பு முன்பே சேர்ந்திருக்கும். அதைச் சாதாரணப் பாகு என்று நினைத்து, செய்முறையில் உள்ள ஹாப்ஸையும் போட்டால் கிடைப்பது நிலவேம்புக் கஷாயம். லேபிளைப் படித்துவிட்டுத் திறங்கள்.

கருநிற எக்ஸ்ட்ராக்ட்டை ‘டார்க்’ என்ற பெயரை நம்பி மாற்றுவதும் வேண்டாம். எந்த வறுத்த மால்ட், எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் வெளிர்நிற லைட் மட்டும்தான் வாங்குவேன். நிறத்துக்கு கிரிஸ்டல் மால்ட்டையோ சாக்லேட் மால்ட்டையோ (நிறத்தால் வந்த பெயர், சாக்லேட் இல்லை) தானியமாகவே வாங்கி நொறுக்கி, துணிப்பையில் கட்டி, 65–70 டிகிரி செல்சியஸ் நீரில் அரைமணி நேரம் ஊறவைப்பேன். 77-ஐத் தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். பழைய பாகும் தானாகவே கறுத்துப்போகும், தேதி பாருங்கள்.

கோதுமை எக்ஸ்ட்ராக்ட் முழுக்கக் கோதுமை இல்லை. கணிசமான பங்கு பார்லிதான். பாதிக்குப் பாதி கோதுமை கேட்கும் செய்முறைக்கு அதோடு லைட் எக்ஸ்ட்ராக்ட்டையும் சரிபாதி கலந்தால், கோதுமை கால்வாசிக்குப் பக்கமாக இறங்கிவிடும்.

ஹார்லிக்ஸும் மால்ட்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். அதில் பால் இருக்கிறது, அண்ணே.